புகையா, பனியா?

மலைமேல் வெண்மையாக ஏதோ எழுகிறது. புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறோம். அது பனியாக இருந்தால்? மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை இலக்கணம், அதாவது தருக்க விதிகள், சொல்லும்போது இந்தத் தவற்றுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு நெருப்பைத் துணிவது ஏதுப்போலிகளில் ஒன்று. நாம் நிறுவ விரும்புவது பக்கம். அதற்குச் சான்றாக நிறுத்துவது ஏது. ஏது போலவே நின்று, உண்மையில் எதையும் தாங்காதது ஏதுப்போலி.

முதுநிலை ஆய்வில் தலைகுப்புற விழும் ஆய்வேடுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பக்கம் தவறாக இருப்பதில்லை, ஏதுதான் போலியாக இருக்கும். மருந்து வேதியியல், கம்பியில்லாத் தொடர்பியல், மெய்யியல், அறிவுசார் சொத்துரிமை என்ற நான்கு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே குறைவு. ஆனாலும் நான்கிலும் தேர்வாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் பார்த்தது இது, சொல்வது அது, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" அந்த நடுவில் என்னென்ன நுழைந்து கெடுக்கும் என்பது துறைக்குத் துறை வேறு. அதைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் அந்தத் துறையில் பயிற்சி என்பதன் பொருள்.

மருந்து வேதியியலில் தொடங்கலாம், ஏனெனில் பனி மிக அடர்த்தியாக இருப்பது அங்கேதான்.

இரண்டு கார்பன் வளையங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சுசுகி இணைப்பு வினையை எடுத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவர் முதல் ஓய்வுபெறப்போகும் பேராசிரியர் வரை எல்லோரும் செய்வது. 1 மில்லிமோல் அரைல் புரோமைடு, 1.2 மில்லிமோல் போரானிக் அமிலம், 2 மில்லிமோல் பொட்டாசியம் கார்பனேட், வினையூக்கியாக 5 மோல் சதவீதம் டெட்ராகிஸ் பல்லேடியம், அதாவது ஏறத்தாழ 58 மில்லிகிராம். கரைப்பான் 4 மில்லி டையாக்சேன், 1 மில்லி தண்ணீர். வினையூக்கியைப் போடுமுன் கரைசலுக்குள் ஊசி வழியாக 15 நிமிடம் ஆர்கான் விட வேண்டும். பிறகு 90 டிகிரியில் சில மணி நேரம், கலவையின் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் புரோமைடின் புள்ளி மறையும் வரை.

இதில் கெடுவது எங்கே? ஆர்கானை அவசரமாக இரண்டு நிமிடம் விட்டு நிறுத்தினால், மிச்சமிருக்கும் ஆக்சிஜன் போரானிக் அமிலத்தைத் தன்னோடு தானே இணைய வைக்கும். தகட்டில் மேலே ஏறி நிற்கும் புதுப் புள்ளியைப் பார்த்து விளைபொருள் வந்துவிட்டது என்று மகிழ்ந்தால், அது இந்த இரட்டைப் பொருளாக இருக்கலாம். சில போரானிக் அமிலங்கள், குறிப்பாக 2-பிரிடைல் வகை, இணைவதற்கு முன்பே போரானை இழந்து வெறும் வளையமாகிவிடும்; அங்கே இன்னும் கொஞ்சம் போரானிக் அமிலம் சேர்ப்பது பயன் தராது, போரானின் வடிவத்தையே மாற்ற வேண்டும். வினையூக்கியின் நிறத்தையும் பாருங்கள். நல்ல மஞ்சளாக இருக்க வேண்டியது பழுப்பாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் காற்று பட்டுவிட்டது என்று பொருள். அந்தப் புட்டியை வைத்துக்கொண்டு வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஒரு வாரம் போய்விடும்.

பொருளைத் தனியே பிரித்த பிறகு வருவது அதைவிட முக்கியமான கட்டம்: கையில் இருப்பது என்ன? புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுத்தால் 4.12 பிபிஎம்மில் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நான்கு கூராகவும், 2.05இல் ஒற்றையாகவும், 1.26இல் மூன்று கூராகவும் வந்தால் அது எத்தில் அசிடேட், பிரித்தெடுக்கப் பயன்படும் கரைப்பான். குளோரோஃபார்மில் எடுத்த எல்லா நிறமாலையிலும் அதே இடத்தில்தான் வரும். 1.26இல் உள்ள மூன்று புரோட்டான்களின் சிகரம், உங்கள் மூலக்கூறின் ஒரு புரோட்டானோடு ஒப்பிட 0.6 என்று தொகையானால், ஐந்து மூலக்கூறுக்கு ஒரு எத்தில் அசிடேட் இருக்கிறது. மூலக்கூறு எடை 400 என்றால் எடையில் 4 சதவீதத்துக்கு மேல் கரைப்பான். ஆனால் அதே மாதிரியை எச்பிஎல்சியில், அதாவது கலவையைப் பிரித்துப் புறஊதா ஒளியால் அளக்கும் கருவியில், 254 நானோமீட்டரில் ஓட்டினால் 99 சதவீதத் தூய்மை காட்டும், ஏனெனில் எத்தில் அசிடேட்டுக்கு அந்த அலைநீளத்தில் உறிஞ்சுதலே இல்லை. அங்கே உப்பு இருந்தாலும் தெரியாது, சிலிக்கா தூள் இருந்தாலும் தெரியாது. மருந்து வேதியியல் ஆய்விதழ்கள் கேட்கும் 95 சதவீதத் தூய்மையை எச்பிஎல்சி சிகரத்தின் பரப்பு மட்டும் காட்டிவிடாது. காட்டுவது "புறஊதா ஒளியை உறிஞ்சுவனவற்றில் 95 சதவீதம்" என்பதையே. எடை முக்கியமான இடத்தில் அளவறி என்எம்ஆர் எடுப்பதுதான் நேர்மை. எடைபோட்ட 1,3,5-டிரைமெத்தாக்ஸிபென்சீன் போன்ற தரப்பொருள் ஒன்றைக் கலந்து, துடிப்புகளுக்கு இடையே 30 வினாடி வரை காத்திருந்து எடுத்தால் உண்மை எடை தெரியும். வழக்கம்போல ஒரு வினாடி இடைவெளியில் எடுத்துவிட்டு அளவு கணக்கிடுவது தவறு; மெதுவாகத் தளரும் புரோட்டான்கள் குறைவாகக் காட்டும்.

இன்னொரு இடம், உயர்துல்லிய நிறை நிறமாலை. 5 பிபிஎம்முக்குள் பொருந்திவிட்டது என்று எழுதுவார்கள். எடை 400 என்றால் அது 0.002 அலகுக்குள் என்பது. நல்லதுதான். ஆனால் அது வாய்பாட்டைச் சொல்கிறதே தவிர அமைப்பைச் சொல்வதில்லை. பைரசோல் வளையத்தின் நைட்ரஜனில் ஒரு பென்சைல் தொகுதியைச் சேர்த்தால் அது எந்த நைட்ரஜனில் போய் உட்கார்ந்தது? இரண்டுக்கும் நிறை ஒன்றே. பென்சைலின் இரண்டு புரோட்டான்களுக்கும் வளையத்தின் ஐந்தாம் இடத்துப் புரோட்டானுக்கும் இடையே, அருகருகே உள்ள புரோட்டான்களைக் காட்டும் நோசி என்ற என்எம்ஆர் நிறமாலையில், தொடர்பு தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் இரவு போதும். அந்த ஓர் இரவை மிச்சப்படுத்தியதால் முப்பது சேர்மங்களின் அமைப்பும் தவறாகப் போகும் ஆபத்து இருக்கிறது. முழுத் தொடரும் ஒரே முதற்படியிலிருந்துதானே வருகிறது.

பிறகு உயிரியல் சோதனை. பனி புகையாகத் தெரிவதற்கு, உயிரணு உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் பார்க்கும் எம்டிடி சோதனையைப் போல வேறொன்று இல்லை. எம்டிடி என்ற மஞ்சள் நிற டெட்ராசோலியம் உப்பை உயிரணுக்கள் ஊதா நிற ஃபார்மசானாக ஒடுக்குகின்றன. 570 நானோமீட்டரில் நிறத்தை அளக்கிறோம். நிறம் குறைந்தால் "உயிரணு செத்தது" என்று எழுதுகிறோம். உண்மையில் அளந்தது ஒடுக்கும் திறன். உயிரணு சாகாமல் பெருகுவதை நிறுத்தினாலும் நிறம் குறையும். வளர்சிதை மாற்றம் மந்தமானாலும் குறையும். எதிர்ப்பக்கமும் உண்டு: தயால் (கந்தக-ஹைட்ரஜன்) தொகுதியோ எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் பீனாலோ உள்ள சேர்மம், உயிரணு ஒன்றுகூட இல்லாமலே எம்டிடியைத் தானே ஒடுக்கி ஊதாவாக்கிவிடும். அப்போது கொல்லும் மருந்து பாதுகாப்பான மருந்தாகத் தெரியும். இதற்குத் தீர்வு எளிது. 96 குழித் தட்டில் ஒரு வரிசையை உயிரணு இல்லாமல், ஊடகமும் சேர்மமும் எம்டிடியும் மட்டும் இட்டு வையுங்கள். சேர்மம் போட்ட அந்த நிமிடத்திலேயே வேறொரு தட்டை அளந்து, தொடக்க அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க அளவுக்குக் கீழே போனால் அழிவு. அதற்கு மேலே நின்று, சேர்மம் இடாத கட்டுப்பாட்டுக் குழியைவிடக் குறைந்தால் வளர்ச்சித் தடை. இந்த இரண்டும் இல்லாமல் "நச்சுத்தன்மை" என்ற சொல்லைத் தலைப்பில் வைப்பது பொறுப்பற்ற செயல் என்பேன்.

நொதித் தடுப்பில் ஐசி50, அதாவது நொதியின் செயலைப் பாதியாக்கும் செறிவு, அளக்கும்போதும் சில எல்லைகள் உண்டு. 100 மைக்ரோமோலாரில் தொடங்கி மும்மடங்காகக் குறைத்துப் பத்துப் புள்ளிகள் போனால் 5 நானோமோலாருக்கு வந்துவிடலாம். நல்ல வளைவு கிடைக்கும். எல்லாக் குழியிலும் சேர்மத்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பானின் அளவு ஒன்றாக, 0.5 சதவீதம் போல, இருக்க வேண்டும். சேர்மத்தைக் குறைக்கும்போது டிஎம்எஸ்ஓவும் கூடவே குறைந்தால் வளைவில் இரண்டு பொருள்களின் விளைவும் கலந்திருக்கும். நொதியின் செறிவு 20 நானோமோலார் என்றால் 10 நானோமோலாருக்குக் கீழே ஐசி50 வர வழியே இல்லை, ஏனெனில் பாதி நொதியைப் பிடிக்கவே அவ்வளவு மூலக்கூறு வேண்டும். அந்தச் சோதனையில் 2 நானோமோலார் என்று வந்தால் கொண்டாடக் கூடாது, நொதியின் செறிவைத் திரும்ப அளக்க வேண்டும். வளைவு சாதாரணத்தைவிடச் செங்குத்தாக விழுந்தால், சேர்மம் கரையாமல் உருண்டைகளாகத் திரண்டு நொதியை அதில் ஒட்டவைக்கிறதோ என்று ஐயப்படுங்கள். 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருளைச் சேர்த்து மறுபடி அளந்தால், திரளால் வந்த தடுப்பு திரள் உடைந்து மறைந்துவிடும். மறைந்தால் உங்களிடம் இருந்தது தடுப்பான் இல்லை, கலங்கல். 2010இல் பேலும் ஹாலோவேயும் தொகுத்துக் காட்டிய, எல்லாச் சோதனையிலும் பொய்யாக வெற்றி காட்டும் அமைப்புகளின் பட்டியலையும் முதல் நாளே ஒப்பிட்டுவிட வேண்டும். ரோடனின், கேட்டிகோல் போன்றவை அதில் உள்ளன. கணினியில் பொருத்திப் பார்க்கும் டாக்கிங் மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதை முதலில் செய்வது என்று தேர்ந்தெடுக்க அது உதவும். பிணைகிறது என்பதற்கு ஏது ஆகாது.

கம்பியில்லாத் தொடர்பியலில் பனி வேறு வடிவில் வருகிறது. இங்கே பெரும்பாலான முதுநிலை ஆய்வு சிமுலேஷனில் நடக்கிறது. மென்பொருள் நாம் சொன்னதை எல்லாம் ஏற்றுக்கொள்ளும். ஒரு வரிப் பிழை மூன்று டெசிபெல் ஆதாயமாக வெளிவந்து, அதுவே "முன்மொழியும் முறையின்" சிறப்பாக எழுதப்பட்டுவிடும்.

எனவே புதிய முறையை எழுதுவதற்கு முன் பழைய ஒன்றைச் சரியாக வரவைத்துப் பாருங்கள். ஒரு குறியீட்டில் ஒரு பிட்டை அனுப்பும் பிபிஎஸ்கே பண்பேற்றம், வெறும் காஸியன் இரைச்சல்: பிட் ஆற்றலுக்கும் இரைச்சல் அடர்த்திக்கும் உள்ள விகிதம் 6.8 டெசிபெல் இருக்கையில் பிட் பிழை வீதம் ஆயிரத்துக்கு ஒன்று, 9.6 டெசிபெல்லில் லட்சத்துக்கு ஒன்று. ரேலி மங்கல் (பல பாதைகளில் வரும் அலைகள் கலந்து குறிகை ஏறியிறங்குவது) சேர்த்தால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அதே இடத்துக்கு 24 டெசிபெல் வேண்டும். உங்கள் நிரல் இந்த மூன்று எண்களையும் தரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

தராமல் போவதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆனால் திரும்பத் திரும்ப வருபவை. இரைச்சல் ஒரு சிக்கலெண். அதன் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் தலா பாதித் திறன். இரண்டுக்கும் முழுத் திறனையும் கொடுத்துவிட்டால் 3 டெசிபெல் நட்டம். கியூபிஎஸ்கேயில் ஒரு குறியீட்டில் இரண்டு பிட் இருப்பதை மறந்தால் இன்னொரு 3. பாதி வீதக் குறிமுறை இருந்தால் அதற்கும் 3. இந்த மூன்றில் இரண்டு எதிரெதிர்த் திசையில் விழுந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் வரைபடம் அழகாக இருக்கும், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பண்பேற்றத்தை மாற்றும் நாள்வரை.

தகவலைப் பல துணை அலைகளில் பகிர்ந்து அனுப்பும் ஓஎஃப்டிஎம்மில் இதைவிடப் பெரிய பள்ளம் உண்டு. பைத்தானின் நம்பை நூலகத்தில் தலைகீழ் ஃபூரியே உருமாற்றம் எடுத்தால் அது புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தரும். 64 புள்ளி என்றால் நேரவெளிக் குறிகையின் திறன் 64இல் ஒரு பங்காகிவிடும், 18 டெசிபெல் கீழே. வர்க்கமூலம் 64, அதாவது 8ஆல் பெருக்கித் திருத்தாமல் இரைச்சலைச் சேர்த்தால் வளைவு எங்கோ போய்விடும். அதைத் திருத்தியபின்னும் கணக்கு முடிவதில்லை. 64 மாதிரிக்கு முன்னால் அதன் கடைசிப் பகுதியின் நகலான 16 மாதிரி சுழல் முன்னொட்டு சேர்த்தால், 80 மாதிரியின் ஆற்றலைச் செலவழித்து 64 மாதிரியின் தகவலைத்தான் பெறுகிறோம், 0.97 டெசிபெல் அதற்கான விலை. 64 துணை அலைகளில் 52ஐ மட்டும் பயன்படுத்தினால் இன்னொரு 0.9. முன்மொழிந்த முறையின் மொத்த ஆதாயமே 1 டெசிபெல் என்று எழுதும் ஆய்வேட்டில் இந்த இரண்டையும் எப்படிக் கணக்கில் எடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால், அந்த 1 டெசிபெல்லை நம்புவதற்கு ஆதாரமே இல்லை.

எத்தனை பிட் ஓட்டுவது? குறைந்தது 100 பிழை வரும்வரை என்பது நடைமுறை விதி. அப்போது மதிப்பீட்டின் சறுக்கல் பத்து சதவீதம் அளவில் நிற்கும். பத்து லட்சத்துக்கு ஒரு பிழை என்றால் பத்துக் கோடி பிட் வேண்டும். இந்த விதி எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மறப்பது அதன் நிபந்தனையை: பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழ வேண்டும். மெதுவாக மாறும் மங்கலில் ஒரு பொட்டலம் முழுவதும் ஒரே சேனல் நிலைதான். ஆழமான மங்கலில் மாட்டிய ஒரே பொட்டலம் நூறு பிழையையும் தந்துவிடும். பத்துக் கோடி பிட் ஓட்டியும், அதில் நூறே சேனல் நிலைகள்தான் வந்தன என்றால் உங்கள் மாதிரி அளவு நூறுதான், பத்துக் கோடி இல்லை. வளைவின் வலது ஓரம் மேடுபள்ளமாக ஆடுவது இதனால்தான். பிழை பிட்டுகளை எண்ணாமல் பிழைபட்ட பொட்டலங்களை எண்ணினால் உண்மை நிலவரம் தெரியும்.

"சேனல் (குறிகை கடந்துவரும் வழி) முழுமையாகத் தெரியும்" என்ற ஒற்றை வரி அனுமானம் இன்னொரு பனி. பெறுநருக்குச் சேனலை யாரும் சொல்வதில்லை. முன்பே தெரிந்த பைலட் குறியீடுகளை வைத்து அதுவே மதிப்பிட வேண்டும், அந்த மதிப்பீட்டிலும் இரைச்சல் இருக்கும். போதாக்குறைக்கு அனுப்புநரின் அலையியற்றியும் பெறுநரின் அலையியற்றியும் ஒத்துப்போகாது. இருபுறமும் 20 பிபிஎம் பிழை அனுமதி என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸில் மோசமான நிலையில் 96 கிலோஹெர்ட்ஸ் விலகல். வைஃபை 5 வரையிலான தலைமுறைகளில் துணை அலை இடைவெளி 312.5 கிலோஹெர்ட்ஸ், அதில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டால் பக்கத்துத் துணை அலைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வழியும். சிமுலேஷனில் மின்னிய முறை வன்பொருளில் வாய்திறக்காமல் போவதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வன்பொருளில் இறங்கும்போது முதலில் கேபிள் வழியாக இணையுங்கள், நடுவில் 30 அல்லது 40 டெசிபெல் தணிப்பானோடு. அனுப்பு முனையை நேராகப் பெறு முனையில் செருகினால் முன்பெருக்கி எரிந்துபோகக்கூடும். காற்றில் அனுப்ப வேண்டும் என்றால் அந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான். இரைச்சல் தளத்தை மனக்கணக்காகவே வைத்திருங்கள்: ஒரு ஹெர்ட்ஸுக்கு கழித்தல் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்), 20 மெகாஹெர்ட்ஸுக்கு 73 டெசிபெல் கூட்டினால் கழித்தல் 101, பெறுநரின் இரைச்சல் எண் 7 என்றால் கழித்தல் 94. அளந்தது இதற்குக் கீழே காட்டினால் அளவீடு தவறு. மிக மேலே காட்டினால் பக்கத்தில் ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது.

மெய்யியல் ஆய்வில் கருவி இல்லை, சொல்தான் கருவி. பனி சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

தமிழில் எழுதும் மெய்யியல் மாணவர் ஒருவர் முதலில் தடுக்கி விழும் சொல் "காரணம்". மழை பெய்ததற்குக் காரணம் காற்றழுத்தம். நான் அவரை நம்புவதற்குக் காரணம் அவர் இதுவரை பொய் சொன்னதில்லை. முதலாவது விளைவை உண்டாக்கியது. இரண்டாவது நம்பிக்கைக்கு நியாயம் தருவது. ஒருவர் அச்சத்தால் ஒன்றை நம்புகிறார் என்றால் அச்சம் முதற்பொருளில் காரணம், இரண்டாம் பொருளில் காரணமே இல்லை. இப்போது இந்த வாதத்தைப் பாருங்கள்: "எல்லா நம்பிக்கைக்கும் மூளையில் ஒரு காரணம் உண்டு. காரணமுள்ள நம்பிக்கை நியாயமானது. ஆகவே எல்லா நம்பிக்கையும் நியாயமானது." ஒவ்வொரு வரியும் தனியே படித்தால் தலையாட்டத் தோன்றும். முதல் வரியின் காரணமும் இரண்டாம் வரியின் காரணமும் வேறு வேறு என்று கண்டதும் வாதம் கலைந்துபோகும். இந்தக் குழப்பம் வகுப்பறையோடு நிற்பதில்லை. மருந்து மூலக்கூறைத் தேர்ந்தெடுக்கும் கணினி மாதிரியிடம் "ஏன் இதைத் தேர்ந்தாய்" என்று கேட்டு, அது எந்தெந்த அணுவுக்கு எவ்வளவு எடை கொடுத்தது என்ற வண்ணப்படத்தை விளக்கமாகத் தரும்போது, தருவது முதல் வகைக் காரணம். வேதியியலாளர் எதிர்பார்ப்பது இரண்டாம் வகை. இந்த இடைவெளி ஒன்றை மட்டும் எடுத்து ஒரு நல்ல ஆய்வேடு எழுதலாம்.

எழுதும் வழி எளிதாகச் சொல்லிவிடலாம், செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். எதிர்க்கப்போகும் பகுதியை எடுத்து, அதன் முடிவைக் கடைசியில் எழுதுங்கள். அதற்கு மேலே, அந்த முடிவு வர எந்தெந்தக் கூற்றுகள் தேவை என்று எண்ணிட்டு எழுதுங்கள். நூலாசிரியர் வெளிப்படையாகச் சொன்னவை எவை, நீங்கள் இட்டு நிரப்பியவை எவை என்று தனித்தனியே குறியுங்கள். இட்டு நிரப்பியது அவர் ஒப்புக்கொள்ளக்கூடிய மிக வலுவான வடிவில் இருக்க வேண்டும். பலவீனமான வடிவைக் கட்டி வீழ்த்துவதில் ஒரு பயனும் இல்லை. பிறகு, எந்த எண்ணுள்ள கூற்றை மறுக்கிறீர்கள் என்று ஒரே எண்ணைச் சொல்லுங்கள். "மொத்தமாக ஒத்துக்கொள்ள முடியவில்லை" என்பது மறுப்பாகாது. 1963இல் எட்மண்ட் கெட்டியர் வெளியிட்ட கட்டுரை மூன்று பக்கம்தான். அறிவு என்பது நியாயமுள்ள உண்மை நம்பிக்கை என்ற வரையறையில் எங்கே கை வைப்பது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, இரண்டு எதிர்க்காட்டுகளில் வேலை முடிந்தது. "அறிவு என்றால் என்ன" என்று தலைப்பு வைத்து முந்நூறு பக்கம் எழுதி, எவர் என்ன சொன்னார் என்ற தொகுப்பிலேயே முடிந்துவிடும் ஆய்வேடுகளில் இல்லாதது இந்த "எங்கே" தான்.

மேற்கோள் கொடுப்பதில் ஒரு சிறு விஷயம். பிளேட்டோவுக்கு 1578ஆம் ஆண்டு ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்க எண், அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் வெளிவரத் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண், கான்ட்டின் முதல் விமர்சன நூலுக்கு 1781, 1787 ஆகிய இரு பதிப்புகளின் பக்க எண்களும். கையிலுள்ள மலிவுப் பதிப்பின் பக்கத்தைக் கொடுத்தால் வேறு மொழிபெயர்ப்பு வைத்திருப்பவரால் சரிபார்க்க முடியாது. என்எம்ஆர் கோப்பை இணைக்காமல் சேர்மத்தை அறிவிப்பது போலத்தான் அதுவும்.

இந்த மூன்று துறை ஆய்வுகளும் ஒருநாள் காப்புரிமை அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கக்கூடும். மெய்யியலுக்கு அங்கே வேலை இல்லை என்று தோன்றும். உரிமைகோரல் வாசகத்தை எழுத உட்காரும்போது சொல்லாராய்ச்சி தெரிந்தவரின் அருமை புரியும்.

முதலில் நாள் கணக்கு, ஏனெனில் இதில் தவறினால் பிறகு திருத்த வழியே கிடையாது. கண்டுபிடிப்பு விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்கும் பொதுவுக்கு வெளிப்பட்டிருக்கக் கூடாது. வெளியிட்டவர் நீங்களேயானாலும் அப்படித்தான். அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகள் கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை தருகின்றன. ஐரோப்பியக் காப்புரிமையில் அப்படிப் பொதுவான சலுகை இல்லை. முறைகேடாக வெளியானது, குறிப்பிட்ட சில சர்வதேசக் கண்காட்சிகளில் காட்டியது என்ற மிகக் குறுகிய விலக்குகளே உண்டு. எது "வெளியீடு" என்பதில் நீதிமன்றங்கள் காட்டும் கண்டிப்பு மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணைப்படுத்தி வைத்த ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு வெளியீடே என்று 1986இல் ஹால் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் க்ரோனின் வழக்கில், மாணவர் பெயரின் அகரவரிசையில் மட்டும் அடுக்கிய அட்டைகளாகத் துறையின் ஒரு செருப்புப் பெட்டிக்குள் பட்டியல் இருந்த இளநிலை ஆய்வேடுகள் வெளியீடாகா என்று அதே நீதிமன்றம் சொன்னது. பொருள் தெரிந்து தேடுபவருக்கு அவை கிடைக்கும் வழி இல்லை என்பதால். 2004இல் கிளாப்ஃபென்ஸ்டைன் வழக்கில், ஒரு மாநாட்டில் இரண்டரை நாள் மாட்டியிருந்த போஸ்டர், ஒரு பிரதிகூட யாருக்கும் கொடுக்காத நிலையிலும், வெளியீடாகக் கொள்ளப்பட்டது. இன்றைக்கு ஆய்வேடுகள் முழு உரைத் தேடலுடன் இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. செருப்புப் பெட்டி யாருக்கும் கிடைக்காது. பொதுமக்கள் நுழையக்கூடிய வாய்மொழித் தேர்வும் வெளிப்படுத்தலே. தேவையானால் தேர்வாளர்களிடம் இரகசியக் காப்பு ஒப்பம் வாங்கி, களஞ்சியத்தில் ஏற்றுவதைத் தள்ளிவைக்கக் கேட்க வேண்டும்.

முன்பு யாரேனும் செய்திருக்கிறார்களா என்று தேடுவதற்குச் சொல்லால் மட்டும் தேடிப் பயனில்லை. காப்புரிமைகளில் "பந்து" என்ற சொல்லே வராமல் "கோள வடிவப் பொருள்" என்று எழுதியிருப்பார்கள். வகைப்பாட்டு எண்ணால் போங்கள்: பல்லின வளையச் சேர்மங்களுக்கு சி07டி, மருந்துக் கலவைகளுக்கு ஏ61கே, ஓஎஃப்டிஎம் போன்ற பல அலைப் பண்பேற்றத்துக்கு எச்04எல் 27/26. வேதியியலில் மார்குஷ் வகை உரிமைகோரல் இன்னும் கடினம். மார்குஷ் என்பவரின் விண்ணப்பத்திலிருந்து வந்த பெயர். ஒரு கருவளையத்தை வரைந்து, முதல் இடத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்று, இரண்டாம் இடத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்று என்று எழுதினால் ஒரே வாக்கியத்துக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் அடங்கிவிடும். உங்கள் சேர்மத்தின் பெயர் எங்கும் இராது, ஆனாலும் அதற்குள் நிற்கும். அமைப்பை வரைந்து தேடும் தரவுத்தளம் இல்லாமல் இதைப் பிடிக்க முடியாது. கம்பியில்லாத் துறையில் முன்னறிவு ஆய்விதழ்களில் இருப்பதைவிட கைபேசித் தொடர்புத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டங்களில் நிறுவனங்கள் வைத்த தொழில்நுட்பக் குறிப்புகளில் அதிகம். அவை பொதுவில் கிடைப்பவை. தேடாமல் விடுவதற்கு சாக்கு இல்லை.

உரிமைகோரல் எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் வேலி. "அ, ஆ, இ ஆகிய படிகளைக் கொண்ட முறை" என்றால் மூன்றையும் செய்பவர்தான் உரிமையை மீறுகிறார். இரண்டைச் செய்பவரை ஒன்றும் செய்ய முடியாது. சொல் கூடக்கூட நிலம் சுருங்கும். "கொண்ட" என்று எழுதினால் நான்காவது படி சேர்த்தவரும் உள்ளே வருவார். "மட்டுமே கொண்ட" என்றால் அவர் தப்பிவிடுவார். 90 டிகிரி என்று எழுதி 85 டிகிரியில் செய்பவரை விட்டுவிடுவதா, 60 முதல் 110 டிகிரி என்று எழுதி அந்த எல்லை முழுவதும் வேலை செய்கிறது என்று காட்டுவதா? காட்ட வேண்டுமென்றால் 60இலும் 110இலும் வினை நடத்திய பதிவு இருக்க வேண்டும். இதை ஆய்வகத்தில் இருக்கும்போதே நினைக்க வேண்டும், எழுதும் மேசையில் இல்லை. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு போட்டு நாளைப் பிடித்துவிடலாம், 12 மாதத்துக்குள் முழுமையானதைத் தரலாம் என்பது உண்மை. ஆனால் முதல் நாள் தந்த காகிதத்தில் எழுதியிருந்தவற்றுக்கு மட்டுமே அந்த நாள். இடையில் செய்த புதுச் சேர்மத்துக்கு அது ஒட்டாது. அதனால் மாநாட்டுச் சுருக்கத்தை அப்படியே தற்காலிக விவரக்குறிப்பாகப் போடுவது ஏமாற்றத்தில் முடியும். செய்முறையும் அளவும் என்எம்ஆர் எண்களும், தொடர்பியலில் என்றால் படிப்படியான ஓட்டமும் அளபுருக்களும், முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர் யார் என்பது கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் பார்த்து முடிவு செய்வது இல்லை. உரிமைகோரல்களில் ஒன்றிலேனும் உள்ள யோசனையைத் தோற்றுவித்தவர் கண்டுபிடிப்பாளர். சொன்னபடி எம்டிடி தட்டுகளை ஓட்டிக் கொடுத்தவர், எவ்வளவு இரவு விழித்திருந்தாலும், அந்த வரையறைக்குள் வரமாட்டார். கட்டுரையில் அவர் பெயர் இருக்க வேண்டியது வேறு கணக்கு. ஆனால் "உயிரணு இல்லாத வரிசை ஒன்றும் வைப்போம், இந்தச் சேர்மம் தானே நிறம் மாற்றுகிறதா பார்ப்போம்" என்று அவர் சொல்லி, அதிலிருந்து அந்தச் சேர்மத்தின் ஒடுக்கும் தன்மையே ஒரு புதிய சோதனைப் பொருளாக உருவாகியிருந்தால், பெயர் சேர்ந்தாக வேண்டும். விட்டுவிட்டால் சில நாடுகளில் காப்புரிமையே செல்லாமல் போகலாம். அன்றைய குறிப்பேட்டில், தேதியிட்டு, யார் சொன்னது என்று ஒரு வரி இருந்தால் இதை நிறுவ ஐந்து நிமிடம் போதும்.